ஒற்றைச் சரிவுக்கு ஒரு ஸ்டீரிங்

நிக்கல் க்ரீக், அலாஸ்கா
12 ஆகஸ்ட் 1993

லைல்,

இனி உன் முகத்தில் விழிக்க மாட்டேன், ஒரு வரிகூட எழுத மாட்டேன் என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்துச் சொன்னேன். பதினான்கு மாதம் சொன்னபடியே இருந்தேன். இப்போது எழுதுவதால் மனம் மாறிவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. வேறு வழியில்லாமல் எழுதுகிறேன்.

ஜூலை வெள்ளத்தில் ஆறு எங்கள் ஓடுதளத்தில் பாதியைத் தின்றுவிட்டது. வியாழக்கிழமை தோறும் பர்டெட்டின் சின்ன விமானம் மட்டும் தபாலோடு வந்து இறங்குகிறது. எண்ணெய்ப் பீப்பாய் கொண்டுவரும் பெரிய விமானம் அடுத்த கோடை வரை வராது. குளிர்காலத்துக்கான அடுப்பெண்ணெய், நாற்பது பீப்பாய், தார்ச்சாலை முடிகிற கீழ்முகாமில் கிடக்கிறது. நாங்கள் இருபத்தாறு பேர் ஐம்பத்தெட்டு மைல் தள்ளி இங்கே இருக்கிறோம். விறகு வெட்டலாமே என்று கேட்க மாட்டாய், இங்கே வளர்வது இடுப்புயரப் புதர்தான் என்று உனக்குத் தெரியும். ஆறு உறைந்து பனிவண்டி ஓட டிசம்பர் ஆகிவிடும். அதற்குள் என்ன ஆவோம் என்று யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை.

சுரங்கத்துக்காகப் போட்ட அந்தப் பழைய மலைப்பாதையில் போகக்கூடியது நீ கட்டிக்கொடுத்த வண்டி ஒன்றுதான். ஜூனில் சங்கிலி போட்டு நாலு நாள் இழுத்து அதைப் பள்ளத்திலிருந்து மேலே கொண்டுவந்தார்கள். இன்ஜின் ஓடுகிறது. ராணுவ ஏலத்தில் நீ எடுத்த ஆக்சில் இரண்டுக்கும் ஒரு கீறல்கூட இல்லை. ஸ்டீரிங்தான் போய்விட்டது. முன்சக்கரத்தைத் தள்ளுகிற சிலிண்டரைப் பிடித்திருந்த இரும்புக் கை உடைந்து தொங்குகிறது.

உன் அத்தான் அன்செல் அதைத் தானே ஒட்டவைத்து ஓட்டப்போவதாகச் சொல்கிறார். அவருடைய இடது முழங்கால் இப்போது மடங்காது. போன வாரம் வண்டிக்குள் உட்கார்ந்து கைத்தடியால் கிளட்சை அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கத்தினேன். அவர் சாதாரணமாகச் சொன்னார்: "யாராவது ஒருத்தர் போய்த்தானே ஆகணும், தோரா. ராஸ்கோ இப்பவே நாற்காலிய ஒடச்சு எரிக்க ஆரம்பிச்சுட்டான். பாவம், அவன் பொண்டாட்டி நின்னுகிட்டே சாப்பிடுறா."

சுற்றி நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நான் கைத்தடியைப் பிடுங்கிக்கொண்டு வீட்டுக்குள் போனேன்.

என்ன செய்ய வேண்டும் என்று எழுது. நீ வர வேண்டாம்.

தோரா

*

வசில்லா
17 ஆகஸ்ட்

அக்கா,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் தபால் நிலையத்தில் வைத்துப் பிரிக்கத் துணிவு வரவில்லை. வண்டிக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டு படித்தேன். மூன்று தடவை படித்தேன்.

முதல் காரியம், அத்தானை ஓட்ட விடாதே. சாவியை எடுத்து ஒளித்து வை.

ஸ்டீரிங் விஷயத்துக்கு வருகிறேன். அந்த ஆக்சில்கள் பத்துச் சக்கர ராணுவ லாரிக்காக வார்த்தவை. அவற்றை ஒரு பிக்கப்புக்கு அடியில் போட்டு, என் இடுப்பு உயர டயரும் மாட்டியபோது, பழைய ஸ்டீரிங் பெட்டியால் அந்தப் பாரத்தைத் திருப்ப முடியவில்லை. முதல் மாதமே சேஸிஸ் கிழிந்து பெட்டி தொங்கியது ஞாபகம் இருக்கும். அதனால்தான் பெட்டியையும் கம்பிகளையும் கழற்றிப் போட்டுவிட்டு முழுக்க ஹைட்ராலிக் வைத்தேன். ஸ்டீரிங்கைத் திருப்பினால் பம்ப் எண்ணெயைத் தள்ளும், எண்ணெய் சிலிண்டரைத் தள்ளும், சிலிண்டர் சக்கரத்தைத் தள்ளும். ஒரு விரலால் திருப்பலாம். ஆனால் ஓட்டுகிறவர் கைக்கும் சக்கரத்துக்கும் நடுவே எண்ணெயைத் தவிர எதுவும் கிடையாது. இன்ஜின் நின்றால் பம்ப் நிற்கும். பம்ப் நின்றால் ஸ்டீரிங் செத்தது. வண்டியைக் கொடுத்த அன்றே அத்தானிடம் இதைச் சொன்னேன்.

இந்தத் தடவை வேறு மாதிரி செய்ய வேண்டும். யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அதற்கு முன் ஒரு உதவி. உடைந்த கையின் முறிவை உற்றுப் பார். வெளிச்சத்தில் பார். முழுக்கச் சாம்பல் நிறமாக, சர்க்கரைக் கட்டியை உடைத்தது போல இருக்கிறதா? அல்லது ஓரத்தில் கொஞ்சம் கறுத்துப் பழசாகத் தெரிகிறதா? தெரிந்தபடி எழுது. எனக்காகக் கூட்டியோ குறைத்தோ எழுத வேண்டாம்.

நான் வரத் தயார். நீ வேண்டாம் என்றால் வரவில்லை.

லைல்

*

நிக்கல் க்ரீக்
25 ஆகஸ்ட்

லைல்,

பார்த்தேன். பதினான்கு மாத மழையிலும் பனியிலும் கிடந்த இரும்பு. முறிவு முழுக்க ஒரே துரு. சாம்பலும் இல்லை, கறுப்பும் இல்லை, உரசினால் விரலில் செம்மண் மாதிரி ஒட்டுகிறது. ராஸ்கோவையும் கூப்பிட்டுக் காட்டினேன், அவனுக்கும் ஒன்றும் தெரியவில்லை.

எதற்காகக் கேட்டாய்? அந்தக் கேள்வியைப் படித்ததிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. நீ எதையோ மறைக்கிறாய். சின்ன வயதிலும் எதையாவது உடைத்துவிட்டு வந்தால் இப்படித்தான் சுற்றி வளைத்துக் கேட்பாய்.

சாவியை மாவு டப்பாவில் வைத்தேன். அவர் சாவி இல்லாமலே இரண்டு ஒயரைச் சேர்த்து இன்ஜினைக் கிளப்பிவிட்டார். உடைந்த கையைக் கம்பிச்சுருளால் கட்டி, முற்றத்தைச் சுற்றி ஓட்டினார். இரண்டாவது சுற்றில் கட்டு அவிழ்ந்து வண்டி நேராக எங்கள் மீன் புகைபோடும் கொட்டகைக்குள் போய் நின்றது. குளிர்காலத்துக்கு வைத்திருந்த சால்மன் பாதி மண்ணில். வெளியே வந்து, "பிரேக் நல்லாப் புடிக்குது" என்றார். நான் மீனைப் பொறுக்கிக்கொண்டே அழுதேன். மீனுக்காக அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டார்.

அவர் போய்விடுவார் லைல். ஒரு நாள் நான் வீட்டில் இல்லாத நேரத்தில் கிளம்பிவிடுவார். பாதையில் அந்த ஒற்றைச் சரிவில் ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் முந்நூறு அடிப் பள்ளம். நீ பார்த்திருக்கிறாய்.

மறைப்பதைச் சொல். ஸ்டீரிங்கையும் சொல்.

தோரா

*

வசில்லா
31 ஆகஸ்ட்

அக்கா,

சொல்கிறேன். இதற்குப் பிறகு நீ எழுதாமல் போனாலும் ஸ்டீரிங் சாமான்கள் அடுத்த வியாழக்கிழமை பர்டெட்டின் விமானத்தில் வந்து சேரும்.

அந்த ஆக்சிலின் முனை கனமான வார்ப்பு எஃகு. அதன் மேல் வெல்டு வைப்பதற்கு முன் சுடர் பிடித்து நன்றாகச் சூடாக்க வேண்டும். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் அது குதித்து ஓட வேண்டும். வெல்டு வைத்த பிறகு காய்ந்த மணலில் புதைத்து நாள் முழுக்க மெதுவாக ஆறவிட வேண்டும். அவசரமாக ஆறினால் வெல்டுக்குப் பக்கத்தில் உள்ளேயே வெடித்துவிடும், கண்ணுக்குத் தெரியாது. எந்த வெல்டருக்கும் முதல் வருஷமே சொல்லித்தருகிற பாடம் இது.

வண்டியைக் கொடுத்த அன்று சுடருக்கான கேஸ் தீர்ந்துவிட்டது. வேறு சிலிண்டர் வாங்க மறுநாள்தான் முடியும். அத்தான் பட்டறை வாசலில் நின்றுகொண்டு, மழை வருவதற்குள் பாதையைத் தாண்ட வேண்டும் என்றார். நான் அந்தக் கையைக் குளிர்ந்த இரும்பிலேயே வெல்டு வைத்துவிட்டேன். மணலும் போடவில்லை. பிறகு, நீ கடைக்குப் போயிருந்த நேரத்தில், இரண்டு பேரும் உட்கார்ந்து ரொட்டி தின்றோம். தின்றுகொண்டிருக்கும்போது வண்டிக்கு அடியிலிருந்து 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டது. இரும்பு ஆறுகிற சத்தம் வேறு, வெடிக்கிற சத்தம் வேறு. எனக்கு அது எந்தச் சத்தம் என்று தெரியும். தெரிந்தும் காபியை ஊற்றிக்கொண்டேன். அத்தான் சாவியை வாங்கிக்கொண்டு போனார்.

முறிவின் ஓரம் கறுத்திருந்தால் அந்த வெடிப்பு முன்பே இருந்தது என்று அர்த்தம். அதற்காகத்தான் கேட்டேன். இனி அது யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் நான் கேட்ட சத்தம் கேட்டதுதான்.

ஆஸ்பத்திரியில் நீ, "நீ ஒட்டவச்ச இரும்புதான்டா எம் புருஷன் கால மொடக்கிடுச்சு" என்றபோது நான் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று இப்போது உனக்குப் புரியும்.

புதிய ஏற்பாடு இது. ஸ்டீரிங் பெட்டியும் கம்பியும் திரும்ப வரும். கை திருப்பினால் இரும்பு இரும்பைத் தள்ளும். சிலிண்டர் கூடவே இருக்கும், பாரத்தைச் சுமக்க உதவி மட்டும் செய்யும். எண்ணெய் போனாலும் இன்ஜின் நின்றாலும் ஸ்டீரிங் கனக்கும், சாகாது. சேஸிஸ் கிழியாமலிருக்க இரண்டு பக்கமும் கனமான தகடு. முனையில் வரும் கைகளை முழு எஃகுக் கட்டியிலிருந்து கடைந்திருக்கிறேன். வெல்டு ஒன்றுகூட இல்லை, எல்லாம் போல்ட். நீயும் அத்தானும் ராஸ்கோவும் சேர்ந்தால் நாலு நாளில் மாட்டிவிடலாம். படம் வரைந்து வைத்திருக்கிறேன்.

கடைசலை வேறொருவரை விட்டு இரண்டு முறை அளக்கச் சொன்னேன். என் கண்ணை நான் நம்புவதில்லை.

லைல்

*

நிக்கல் க்ரீக்
15 செப்டம்பர்

லைல்,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு எழுதக்கூடாது என்று இருந்தேன். பெட்டி வந்தது. பர்டெட் இறக்கிவைத்துவிட்டு, "என்னம்மா, ஒங்க தம்பி பீரங்கிய அனுப்பியிருக்கானா? எம் பிளேன் மூக்கு தூக்கவே மாட்டேன்னுச்சு" என்றான். இரண்டு நாள் அதைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள் அன்செல் திறந்தார். அந்த எஃகுக் கைகளை மடியில் வைத்துத் தடவிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.  அந்தப் பார்வை தாங்காமல்தான் இதை எழுதுகிறேன்.

அன்று வண்டியை ஓட்டியது நான்.

அவருக்குத் தூக்கம் கண்ணைச் சுழற்றியது என்று கீழ்முகாமிலேயே நான் ஸ்டீரிங்கைப் பிடித்தேன். ஒற்றைச் சரிவின் தலையில் கியர் இறக்கும்போது பல் பிடிக்கவில்லை. இன்ஜின் நின்றது. நீ வண்டியைக் கொடுத்த அன்று அத்தானிடம் சொன்னாயே, இன்ஜினை நிற்க விடாதே என்று, நானும் பக்கத்தில் நின்று கேட்டேன். ஆனால் அந்த நேரத்தில் ஒன்றும் தோன்றவில்லை. ஸ்டீரிங் கையில் சும்மா சுற்றியது, எதனோடும் சேராத ஒரு வளையம் மாதிரி. வண்டி தானாகப் பள்ளத்துப் பக்கம் திரும்பியது.

நான் கதவைத் திறந்து குதித்தேன்.

அவரைக் கூப்பிடக்கூட இல்லை லைல். என் பக்கம் பாறை, அவர் பக்கம் பள்ளம். என் பக்கம் குதிக்க முடிந்தது, குதித்துவிட்டேன். நாற்பது அடி கீழே ஒரு பாறைத் திட்டில் வண்டி மாட்டிக்கொண்டதால் அவர் உயிரோடு இருக்கிறார். நான் இறங்கிப் போனபோது அவர் சொன்ன முதல் வார்த்தை, "நாந்தான் ஓட்டுனேன்னு சொல்லிக்கலாம்" என்பதுதான். அதை நான் ஏற்றுக்கொண்டேன். ஆஸ்பத்திரியில் உன்னைப் பார்த்ததும் பழியைப் போட ஒரு ஆள் கிடைத்தது.

உன் வெல்டு முன்பே வெடித்திருந்ததா, விழும்போது உடைந்ததா, எனக்குத் தெரியாது. இன்ஜின் நின்ற பிறகு அது நன்றாக இருந்திருந்தாலும் பயன் இல்லை என்று நீதான் எழுதியிருக்கிறாய்.

ஸ்டீரிங்கை மாட்டிவிட்டோம். படத்தில் உள்ளபடி எல்லாம் சரியாக உட்கார்ந்தது. 27ஆம் தேதி திங்கட்கிழமை நான் போகிறேன். அன்செலை ஏற்ற மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அவர் இப்போது பேசுவதில்லை. மலைத்தலையில் நேற்றே வெள்ளை தெரிந்தது. சரிவை நினைத்தால் சமைத்துக்கொண்டிருக்கும்போதே கை விறைத்துப் போகிறது. கரண்டியை விட்டால்தான் விரல் நிமிர்கிறது.

தோரா

*

வசில்லா
20 செப்டம்பர்

அக்கா,

படித்தேன். கோபம் வரவில்லை என்று எழுதினால் பொய். பதினான்கு மாதம் நான் வெல்டிங் துப்பாக்கியைத் தொடவில்லை. மீன் டப்பா அடைக்கும் இடத்தில் தரை கழுவினேன். நீ ஒரு வரி எழுதியிருக்கலாம். அதே நேரம், நானும் அந்த 'டிக்'கைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கலாம். இதற்கு மேல் இந்தப் பேச்சை எப்படிக் கொண்டுபோவதென்று தெரியவில்லை. வண்டியைப் பற்றி எழுதுகிறேன்.

கிளம்புவதற்கு முன் சமதரையில் வண்டியை உருளவிட்டு இன்ஜினை நிறுத்து. நிறுத்திவிட்டுத் திருப்பு. கனக்கும். இரண்டு கையாலும் உடம்பைச் சாய்த்து இழுக்க வேண்டும். ஆனால் திரும்பும். பத்துத் தடவை செய். உன் கைக்கு அது பழக வேண்டும், அப்போதுதான் சரிவில் கை தானாக இழுக்கும்.

பத்து மைலுக்கு ஒரு தடவை இன்ஜினை நிறுத்திவிட்டு இறங்கி, முனையில் உள்ள எட்டு போல்ட்டையும் முறுக்கிப் பார். ஒன்றையும் விடாதே.

நான் ஞாயிற்றுக்கிழமையே கீழ்முகாமுக்கு வந்து காத்திருப்பேன். வர வேண்டாம் என்று நீ பதில் எழுதினாலும் அதற்குள் அது எனக்கு வந்து சேராது. பீப்பாய்களை ஏற்றிக்கொண்டு சேர்ந்து திரும்புவோம். ஒற்றைச் சரிவில் நான் வண்டிக்கு முன்னால் நடக்கிறேன். நான் காட்டுகிற பக்கம் மட்டும் திருப்பு.

லைல்

*

நிக்கல் க்ரீக்
29 செப்டம்பர்

லைல்,

உயிரோடு இருக்கிறேன். பத்துப் பீப்பாய் வந்து சேர்ந்தது. இதை முதலில் எழுதிவிட்டேன், நீ கேட்காவிட்டாலும்.

நீ அங்கே இல்லை. நான் போனபோது உன் டயர் தடம் ஈரமாக இருந்தது. எரிந்த சிகரெட் ஏழெட்டு. பீப்பாய்களின் மேல் உன் கையுறை ஒன்று. முகாம் காவலாளி, "ரெண்டு நாளா இங்கதாம்மா இருந்தாரு. காலையில திடீர்னு வண்டிய எடுத்துக்கிட்டுப் பறந்துட்டாரு, பேய் தொரத்துற மாதிரி" என்றான். நான் கேட்காமலே வருகிறேன் என்று எழுதியது நீ. அதை நம்பித்தான் ஐம்பத்தெட்டு மைல் ஓட்டினேன். அந்த ஆளே எனக்குப் பீப்பாய் ஏற்றித் தந்தான். முகத்தைக் காட்டாமல் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன்.

நீ சொன்னபடி இன்ஜினை நிறுத்தித் திருப்பிப் பழகியிருந்தேன். போல்ட்டுகளும் அசையவில்லை. திரும்பி வரும்போது ஒற்றைச் சரிவில் பாதி இறங்கியிருப்பேன், பின்னால் பத்துப் பீப்பாயின் பாரம், மழைச்சேறு. பட்டென்று ஒரு சத்தம். கண்ணாடி முழுக்கச் சூடான எண்ணெய் அடித்தது. சிலிண்டருக்கு எண்ணெய் கொண்டுபோகும் ரப்பர்க் குழாய், அந்த ஹோஸ், வெடித்துவிட்டது. ஒன்றும் தெரியவில்லை. ஸ்டீரிங் ஒரேயடியாகக் கல்லாகிவிட்டது. பிரேக்கை மிதித்தும் வண்டி சேற்றில் வழுக்கிக்கொண்டே போனது.

என் இடது கை கதவுப் பிடிக்குப் போனது. நான் அனுப்பவில்லை, அதுவாகப் போனது. கதவு ஒரு கையகலம் திறந்தும் விட்டது. அந்த இடைவெளியில் பாறை தெரிந்தது. எதிர்ப்பக்க ஜன்னலில் பாதையின் ஓரம் தெரிந்தது. சக்கரத்துக்கும் ஓரத்துக்கும் இடையே ஒரு சாண் இருக்கும்.

அப்புறம் இரண்டு கையையும் ஸ்டீரிங்கில் போட்டு, காலைத் தரையில் ஊன்றி, உடம்போடு பாறைப் பக்கம் சாய்ந்தேன். என்னவோ கத்தினேன், வார்த்தை ஒன்றும் இல்லை. முதலில் அசையவில்லை. பிறகு அரை அங்குலம். பிறகு கொஞ்சம். வண்டி பாறையை ஒட்டிக்கொண்டே இறங்கியது. திறந்த கதவு வழியாகத் தலையை நீட்டிப் பார்த்துப் பார்த்து, கால் மைலை முக்கால் மணி நேரம் இறக்கினேன். கீழே ஓடை தெரிந்ததும் நிறுத்திவிட்டு வாந்தி எடுத்தேன்.

வீட்டு வாசலில் அன்செல் நின்றிருந்தார். அவரிடம் இதைச் சொன்னேன், கதவுப் பிடியைப் பற்றியும் சொன்னேன். கைத்தடியால் வண்டிக் கதவைத் தள்ளிச் சாத்திவிட்டு, "கதவத்தான தொறந்தே, குதிக்கலியே" என்றார். இரண்டு வாரத்துக்குப் பிறகு என்னிடம் பேசியது அவ்வளவுதான்.

பயம் போகவில்லை. கூடியிருக்கிறது. இன்னும் முப்பது பீப்பாய், மூன்று நடை. புது ஹோஸ் அனுப்பு. எதற்காக ஓடிப்போனாய் என்றும் எழுது.

தோரா

*

பர்டெட்டின் விமானக் கொட்டகை
7 அக்டோபர், காலை

அக்கா,

ஞாயிறு முழுக்க, திங்கள் காலை முழுக்க நான் அந்தப் பீப்பாய்களின் மேல் உட்கார்ந்திருந்தேன். பத்தரை மணிக்கு உன் இன்ஜின் சத்தம் மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்டது. எழுந்து நின்றேன். சத்தம் நெருங்கி வந்தது. திடீரென்று நின்றுவிட்டது.

பத்து மைலுக்கு ஒரு தடவை இன்ஜினை நிறுத்தச் சொன்னது நான்தான். அது எனக்கு ஞாபகத்துக்கு வரவில்லை. நீ விழுந்துவிட்டாய் என்றுதான் நினைத்தேன். நான் கடைந்த கை உடைந்து நீ கீழே போய்விட்டாய் என்று என் கண்ணுக்கே தெரிந்தது. மனுஷன் என்றால் அந்தப் பக்கம் ஓடியிருக்க வேண்டும். நான் என் வண்டியில் ஏறி எதிர்ப்பக்கம் ஓட்டினேன். போய்ப் பார்த்தால் பார்த்தது உண்மையாகிவிடும் என்று தோன்றியது. முப்பது மைல் போன பிறகுதான், போல்ட்டைப் பார்க்க நீ நிறுத்தியிருப்பாய் என்ற யோசனை வந்தது. திரும்பி வந்தேன். பத்துப் பீப்பாய் குறைந்திருந்தது. சேற்றில் உன் டயர் தடம் உள்ளே போயிருந்தது. அந்தத் தடத்தின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். காவலாளி வந்து உடம்புக்கு என்ன என்று கேட்டான்.

நீ குதித்ததை எழுதினாய். இதை எழுதுகிற தைரியம் எனக்கு அதனால்தான் வந்தது. நேரில் சொல்ல வராது, உனக்குத் தெரியும்.

நாலு ஹோஸ் எடுத்திருக்கிறேன், ராணுவத்தில் போடுகிற கம்பி பின்னிய ரகம். பர்டெட், "தபால் மூட்டையா, நீயா, ரெண்டுல ஒண்ணுதான் ஏறும்" என்றான். மூட்டையை இறக்கிவிட்டான். ஊர்க்காரர்களின் ஏச்சு எனக்கு வரப்போகிறது. இந்த ஒரு கடிதம் மட்டும் என் சட்டைப்பையில் வருகிறது. விமானம் நின்றதும் உன் கையில் கொடுத்துவிட்டு ஹோஸ்களை இறக்குகிற சாக்கில் அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொள்வேன். நின்ற இடத்திலேயே படித்துவிடு.

படித்து முடித்ததும், போ என்றால் பர்டெட்டோடு திரும்பிவிடுகிறேன். ஒன்றும் சொல்லாவிட்டால், வண்டிக்கு அடியில் போய்ப் படுத்து வேலையை ஆரம்பிக்கிறேன்.

லைல்